ஃபிரிட்ஜ் மேலே துரை

விசிறியைப் போட முடியாது என்பதுதான் முதல் கொடுமை. திருச்சியில், சித்திரை வெயிலில், மூன்றாவது மாடியில், ஜன்னலையும் சாத்திக்கொண்டு ஒரு மனுஷன் விசிறி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்றால் ஒன்று கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லை அவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும். கரண்ட் இருந்தது. ஃபிரிட்ஜ் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலையில், மனைவி சௌந்தரவல்லி பின்னிப் போட்ட வெள்ளை விரிப்பின் மேல், துரை உட்கார்ந்திருந்தது. துரை கூண்டுக்கு வெளியே இருக்கும்போது விசிறி ஓடக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கக் கூடாது, அடுப்பில் எண்ணெய் காயக் கூடாது. எல்லாம் சௌந்தரவல்லி போட்ட சட்டம். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த வைத்திலிங்கம், ஒரு கிளிக்காகத் தன் வீட்டு விசிறியை அணைத்துவிட்டு, தோளில் துண்டோடு, சாப்பாட்டு மேஜை நாற்காலியில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார். துரையோ இவர் பக்கம் திரும்பவே இல்லை. ஒற்றைக் காலைத் தூக்கி நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. சாம்பல் உடம்பு, வால் மட்டும் குங்குமச் சிவப்பு. ஆப்பிரிக்கக் கிளி. பெயர் வைத்தது இவர்தான். வந்த அன்றைக்கே வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட தோரணையைக் கண்டு, "என்ன, துரைக்கு வீடு பிடிக்கலையாமா" என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

அதைக் கூண்டுக்குள் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. சௌந்தரவல்லியும் மகன் மாறனும் லால்குடிக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருக்கிறார்கள். இவருக்கு முழங்கால் வலி, தவிர துரையைத் தனியாக விட முடியாது, அதனால் இவர் காவல். "கூண்டைத் திறந்துடாதீங்க. துரைக்குக் கிண்ணத்துல எல்லாம் வச்சிருக்கேன். உங்களுக்கும் மூடி வச்சிருக்கேன்" என்று, சாப்பாட்டு வரிசையில் இவரை இரண்டாவதாக நிறுத்திவிட்டுப் படியிறங்கினாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்குள் துரை உள்ளே இருக்க வேண்டும், இவர் உடம்பில் புதுக் காயம் எதுவும் இருக்கக் கூடாது. ஏனென்றால் பேச்சு அப்படி. போன தடவை துரை இவருடைய கட்டைவிரலைக் கிழித்து, தையல் போட்டு, சர்க்கரை உடம்பு என்பதால் காயம் ஆறவே மாட்டேன் என்று அடம்பிடித்து, "கிளி வேணுமா விரல் வேணுமா, முடிவு பண்ணுங்க" என்று டாக்டர் சலித்துக்கொண்ட பிறகு, ஓசூரிலிருந்து கிளம்பி வந்த மாறன் இதே மேஜையில்தான் சொன்னான். "இன்னும் ஒரே ஒரு தடவை அப்பாவைக் கடிச்சுதுன்னா அன்னிக்கே தூக்கிட்டுப் போயிடுவேன்மா. புதுக்கோட்டைப் பக்கம் ஒருத்தர் பெருசா வலை அடிச்சுப் பறவைங்க வளர்க்கறார், பேசி வச்சுட்டேன். வாங்கிட்டு வந்தவன் நான், நானே கொண்டுபோய் விட்டுடறேன்." அவன் வாங்கியதுதான். ஓசூருக்கு மாற்றலானபோது அங்கே வீட்டுக்காரர் பறவை கூடாதென்று சொல்லிவிட்டார் என்று, கொஞ்ச நாளைக்கு இங்கே இருக்கட்டும் என்று விட்டுப் போனான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. சௌந்தரவல்லி தலையை நிமிர்த்தாமல் கீரை ஆய்ந்துகொண்டே, "சரிடா" என்றாள். இவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். கடி வாங்கியவனே கொண்டுபோக வேண்டாம் என்று சொன்னால் யார் என்ன செய்வார்கள். ஆனால் கடி வாங்கியவன் கடித்த கிளிக்காகப் பரிந்து பேசினால் வீட்டில் சிரிப்பார்களே என்று பேசாமல் இருந்துவிட்டார். நாளைக்குக் காலையில் மாறன் ஓசூர் கிளம்புகிறான். காரின் பின்சீட் காலி. கூண்டு தாராளமாகக் கொள்ளும் என்பதை இவர் ஜன்னல் வழியாக ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

கூண்டைத் திறந்ததுதான் தப்பு. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவரை, "என்னங்க, கதவைத் திறங்க" என்று சௌந்தரவல்லி கூப்பிட்டாள். அடித்துப் பிடித்து எழுந்து போய்த் தாழ்ப்பாளை விலக்கினால் வெளியே ஒரு பூனை கூட இல்லை. திரும்பிப் பார்த்தால் கூண்டுக்குள் துரை தலையைச் சாய்த்துக்கொண்டு, காரியம் முடிந்தது என்கிற மாதிரி நிற்கிறது. அவளுடைய குரலில் ஒரு இழுப்பு இருக்கும், 'ங்க' வில் கொஞ்சம் மூக்கு, அதைக்கூட விடாமல் எடுத்து வைத்திருக்கிறது கள்ளப்பயல். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவர் சும்மா போயிருக்கலாம். வீட்டில் யாரும் இல்லையே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று கூண்டைத் திறந்தார். உள்ளதைச் சொன்னால் துரையோடு தனியாக ஒரு மத்தியானம் கிடைக்காதா என்று இவருக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். ஊர் அறிந்த கதை என்னவென்றால், வைத்திலிங்கத்துக்கும் கிளிக்கும் ஆகாது, கிளி அம்மா பிள்ளை. அவளுடைய தோளில் உட்காரும், முந்தானையை மெல்லும், அவள் தட்டிலிருந்து அப்பளம் எடுக்கும். ஒரு நாள், ஒரு பொழுது அவளைக் கடித்ததில்லை. இவர் கையை நீட்டினால் மட்டும் கத்தி. அதற்கு ஏற்ற மாதிரி இவரும் 'சனியன்', 'மூதேவி' என்று திட்டிவைத்ததில் கதை கெட்டிப்பட்டுவிட்டது. காலையில் நடந்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது "வந்தாச்சா" என்று கூண்டிலிருந்து ஒரு குரல் வருமே, அதற்காகவே இவர் கடைசிப் படியில் செருப்பைச் சத்தமாகத் தேய்ப்பார் என்பது யாருக்கும் தெரியாது. வேலையில் இருந்த காலத்தில் காற்றடித்தால் போதும், போன் ஓயாது. சார், மரம் விழுந்துடுச்சு, சார், எங்க தெருவுக்கு எப்ப சார் வரும். ஓய்வு பெற்ற மறு மாதத்திலேயே போன் ஊமையாகிவிட்டது. போன புயலுக்கு ஊரே இருட்டில் கிடந்தபோது இவரை ஒருத்தன் கூப்பிடவில்லை. துரைதான் இருட்டுக்குள்ளிருந்து இவர் குரலிலேயே, "கரண்ட் போச்சு, கரண்ட் போச்சு" என்று அறிக்கை வாசித்தது. இவர் பாயில் படுத்தபடி, "ஆமாம் துரை, போச்சு" என்றார்.

உயரத்தில் உட்கார்ந்தால் அதற்குத் திமிர் ஏறிவிடும். இது இவர் கண்டுபிடித்தது. மேஜைக்குக் கீழே இருந்தால் மனுஷனாக நடந்துகொள்ளும், ஃபிரிட்ஜுக்கு மேலே போனால் கலெக்டர். கட்டைவிரல் கிழிந்ததும் ஃபிரிட்ஜ் மேலேதான். எட்டிப் பிடிக்கக் கையை மேலே கொண்டுபோனார், தோசைக்கல்லில் கை வைத்த மாதிரி சுரீரென்றது, அவ்வளவுதான். இத்தனைக்கும் அது சொல்லாமல் செய்யவில்லை. கண் நடுவில் இருக்கிற கறுப்பு சுருங்கும், விரியும், சுருங்கும். கழுத்து முடி சிலிர்க்கும். சிவப்பு வால் விசிறியாக விரியும். தொடாதே என்று இதற்கு மேல் அது என்ன நோட்டீஸா ஒட்டும். கம்பத்தில் ஏறுகிற பையன்களுக்கு இவர் தொண்டை வற்றச் சொன்ன பாடம் அதுதானே, எந்தக் கம்பியும் செத்த கம்பி இல்லைடா, கரண்டை நிறுத்திட்டோம்னு ஆபீஸ்ல சொன்னாலும் நீ பாத்துட்டுத் தொடு. அந்தப் பையன்களில் பிச்சைக்கண்ணு பார்க்காமல்தான் தொட்டான். நல்ல வேளை பிழைத்துக்கொண்டான், இடது கை மட்டும் இன்றைக்கும் சுருங்கி இருக்கிறது. கல்யாண வீடுகளில் பார்த்தால் அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு சிரிப்பான். அப்பேர்ப்பட்டதைக் கண்ணால் பார்த்த ஆள், ஒரு முழம் பறவையிடம் போய், இது நம்ம வீட்டுப் பறவைதானே என்று வெறும் கையை நீட்டினார் பாருங்கள். பிறகு புத்தி வந்து பரணிலிருந்து பழைய ரப்பர் கையுறையை எடுத்தார், முழங்கை வரை ஏறுகிற மின்வாரியக் கையுறை. அதைப் போட்டுக்கொண்டு கூண்டுக்கு முன்னால் போய் நின்றதும் துரை போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். பயந்து போய்க் கூண்டுக் கம்பியில் மோதி மோதி இறக்கையில் ரத்தம். சௌந்தரவல்லி கையுறையை வாங்கிக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள். அன்றைக்கு ராத்திரி இவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பயந்த முகம் பறவைக்கும் இருக்கும் என்று அதுவரை இவருக்குத் தெரியாது.

பறவைக்குக் கண்ணேறு பட்டுவிட்டது என்பது சௌந்தரவல்லியின் கட்சி. எதிர்வீட்டுக்காரி வந்து, "ஏன்க்கா, என்னமா பேசுது" என்று கன்னத்தில் கை வைத்துவிட்டுப் போன பிறகுதான் கடிக்க ஆரம்பித்ததாம். அதனால் துரை கடித்த நாளெல்லாம் கடி வாங்கியவருக்கு மஞ்சள், கடித்தவருக்குத் திருஷ்டி. உப்பும் காய்ந்த மிளகாயும் கைக்குள் வைத்துக்கொண்டு கூண்டைச் சுற்றி இடமும் வலமும் சுற்றி, தூ, தூ, தூ என்று துப்புகிற பாவனை. இவர் கட்டைவிரலைத் துண்டில் சுற்றிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தபோது கூட முதலில் அதற்குத்தான் சுற்றினாள். சுற்றுகிற கையிலிருந்து துரை கம்பி வழியாக மூக்கை நீட்டி ஒரு மிளகாயைப் பிடுங்கி, காலில் பிடித்துக்கொண்டு, விதையை மட்டும் ரசித்து ரசித்துத் தின்னும். "பாருங்க, திருஷ்டியைத் தானே தின்னுடுச்சு. இனிமே சாதுவாயிடும்" என்பாள். சாதுவானதா. அடுப்பில் போட்டு வெடிக்க வேண்டிய மிளகாய் அதன் வயிற்றுக்குள் போனது, வேறொன்றும் ஆகவில்லை. இவருக்கு அதில் கோபம் உண்டு. கோபம் என்று கூடச் சொல்ல முடியாது, வேறு ஒன்று. மத்தியானங்களில் இவர் படுத்திருக்கும்போது கூடத்திலிருந்து அவள் குரல் கேட்கும், "ஸ்ஸ்... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." எட்டிப் பார்த்தால் அவள் கொல்லைப்பக்க பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருப்பாள், கூடத்தில் துரைதான் அவள் குரலில் சொல்லிக்கொண்டிருக்கும். பட்டாசுக்கோ இடிக்கோ அது பயந்தபோது அவள் தேற்றியிருப்பாள், பிடித்துக்கொண்டது என்று நினைத்துக்கொள்வார். அந்தக் குரல் என்ன ஒரு குரல். அப்படி ஒரு மெத்தான குரல் அவளுக்கு இருப்பதே இவருக்குப் புதுசு. கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்தில் இவருக்கு ஒரு தடவை கூட அது கிடைத்ததில்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது. இவரும் ஒன்றும் கொட்டிக் கொடுத்துவிடவில்லை. மாறன் முதன்முதலில் வேலைக்காக வெளியூர் போன பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதே குறைந்துபோயிற்று. சண்டை இல்லை, ஒன்றுமில்லை, பேச வேண்டியது தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். துரை வந்த பிறகுதான் மறுபடியும் பேச்சு, அதுவும் துரை வழியாக. "துரை, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "துரை, ரசத்துல உப்பில்லன்னு உங்கம்மாட்ட சொல்லு." "துரை, அப்பா மாத்திரை போட்டாரா கேளு." அது போய்விட்டால் யாரிடம் சொல்லி யாரை வரச் சொல்வது. வேர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

அழைப்பு மணி அடித்தது. நாற்காலி பின்னால் சாய எழுந்தே விட்டார். பிறகு பார்த்தால் துரையின் தொண்டைதான் ஆடிக்கொண்டிருந்தது. "அடப்பாவி" என்றார் மெதுவாக, மறுபடி உட்கார்ந்தார். கொய்யாவைக் காட்டியாயிற்று, வேர்க்கடலையைக் காட்டியாயிற்று. ஒன்றைப் பார்த்துக் கொட்டாவி விட்டது, இன்னொன்றைப் பார்க்கவே இல்லை. குடமிளகாய் பிடிக்கும் என்று அதில் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்து நறுக்கினார். நறுக்குவதில் இவர் மன்னன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்த வீட்டில் கத்தி இவர் கையில்தான், அடுப்பு அவள் கையில். அவரைக்காய் என்றால் ஒரே அளவு, முட்டைக்கோஸ் என்றால் நூல் நூலாக, கத்தியை இவரே தீட்டி, இவரே கழுவி, இவரே மேல்தட்டில் வைப்பார், அவள் தொடவே வேண்டாம். சாப்பிட வந்தவர்களெல்லாம் பொரியலைப் பார்த்துவிட்டு அவளைப் புகழ்வார்கள், அவளும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வாள், போகட்டும். குடமிளகாய்த் துண்டை நீட்டவில்லை, தட்டில் வைத்து மேஜை ஓரமாகத் தள்ளிவிட்டு, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கடிகார முள் நகர்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து விசுக்கென்று காற்று முகத்தில் அடித்தது. துரை மேஜையில். இவ்வளவு கிட்டத்தில், கம்பி இல்லாமல், இவர் அதைப் பார்த்ததே இல்லை. கண்ணைச் சுற்றி வெள்ளைத் தோலில் மெல்லிய சுருக்கம், கிழவனின் இமை. குடமிளகாய்த் துண்டைத் தூக்கிப் பார்த்தது, போட்டது. நடந்து வந்தது. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மேஜையில் கிடந்த இவர் இடது கைக்கு முன்னால் வந்து நின்று, ஐயோ, தலையைக் குனிந்து கழுத்து முடியைத் தளர்த்திக் காட்டியது. சொறிந்து விடு என்று அர்த்தம். சௌந்தரவல்லிக்கு மட்டும் காட்டுகிற மரியாதை. ஆள்காட்டி விரலை மெல்ல, மெல்லக் கொண்டுபோய்க் கழுத்தில் வைத்தார். வெதுவெதுவென்று இருந்தது, முடிக்குள்ளே சின்ன எலும்பு, சின்ன உயிர். கண்ணை மூடிக்கொண்டது. மாறன் கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கத் தெரியாது என்று தூக்காமலே இருந்துவிட்டார், ஊர் முழுக்கக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த காலம். இதோ இந்தக் கழுத்து. போதும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது, கையை எடு. துரை கண்ணைத் திறந்திருந்தது. கறுப்பு சுருங்கியது, விரிந்தது. பார்த்தார். பார்க்கத்தான் செய்தார், பிச்சைக்கண்ணு மாதிரி பார்க்காமல் இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சமே கொஞ்சம் என்று பேராசை பிடித்த விரல் அங்கேயே இருந்தது. வால் விரிந்தது.

கத்தவில்லை. அதை மட்டும் சரியாகச் செய்தார். கத்தினால் கீழ்வீட்டுக்காரர் வருவார், கீழ்வீட்டுக்காரர் வந்தால் மாறனுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தார், "ஸ்ஸ்..." பறவை பறந்து மறுபடி ஃபிரிட்ஜுக்குப் போய்விட்டது, விரலில் ரத்தம் குமிழி விட்டது, அதைத் துண்டில் பொத்திக்கொண்டே, தனக்குச் சொன்னாரோ துரைக்குச் சொன்னாரோ, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். சொல்லி முடித்து அப்படியே நின்றுவிட்டார். ஃபிரிட்ஜ் மேலிருந்து சௌந்தரவல்லியின் குரல் பதில் சொன்னது. "ஸ்ஸ்... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." அதே இழுப்பு. அதே மூச்சு. இடிக்குப் பயந்த பறவையைத் தேற்றுகிறவள் எதற்காகப் பல்லைக் கடித்து மூச்சை உள்ளே இழுக்கிறாள். கடி வாங்கினவள் அல்லவா அப்படி இழுப்பாள். இழுத்துவிட்டு, உள்ளே தூங்குகிற புருஷன் காதில் விழக் கூடாதே என்று, கடித்த கிளியையே சமாதானம் பண்ணுவாள். வலது கை நடுவிரலில் பிளாஸ்டர் போட்டிருந்தாளே, பொங்கல் சமயத்தில். என்ன என்று கேட்டதற்குக் கத்தி பட்டுடுச்சு என்றாள். அதற்கு முன்னால் ஒரு தடவை உள்ளங்கை ஓரத்தில், அப்போதும் கத்தி. மருந்துக்கடைக்குப் போய் பிளாஸ்டர் வாங்கி வந்ததே இவர்தான், பாத்து நறுக்கக் கூடாதா என்று அறிவுரை வேறு. எந்தக் கத்தி. இந்த வீட்டில் அவள் கத்தியைத் தொட்டு எத்தனை காலம் ஆகிறது. நூல் நூலாக முட்டைக்கோஸ் நறுக்குகிற மன்னனுக்கு இது இவ்வளவு நாளும் உறைக்கவில்லையே. குழாயைத் திறந்து விரலை நீட்டியபோது எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, எரிச்சலால் மட்டும் என்று சொல்ல முடியாது. இவரைத்தான் கடிக்கும், அவளைக் கடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோமே. அவளும் ஆமாம் ஆமாம் என்று சிரித்தாளே.

பின்னால் துரை, "தூ. தூ. தூ" என்றது. திரும்பினார். அது ஃபிரிட்ஜ் விளிம்புக்கு வந்து, சமையலறைப் பக்கம் கழுத்தை நீட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை எதிர்பார்க்கிறவர் முகம். மறுபடி, "தூ. தூ. தூ." வைத்திலிங்கம் ஈர விரலைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார், அலமாரியில் இருந்த மிளகாய் டப்பாவைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். அட, நாசமாப் போச்சு. கடித்தால் மிளகாய். கடித்த ஒவ்வொரு தடவையும் அம்மா ஓடி வந்து, சுற்றிச் சுற்றிக் காட்டி, மிளகாய் கொடுப்பாள். கடிக்காத நாளில் இந்த வீட்டில் யார் அதற்கு மிளகாய் கொடுத்தது. திருஷ்டி கழிக்கிறோம் என்று பிள்ளைக்குப் பரிசு கொடுத்துக் கொடுத்துக் கடிக்கப் பழக்கியது நாம்தான். இவருக்குச் சிரிப்பு குபீரென்று வந்தது, நாற்காலியில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார், விரல் விண்விண் என்று தெறித்தது, துரையும் இவர் சிரிப்பை எடுத்துக்கொண்டு திருப்பிச் சிரித்தது. சிரித்து ஓய்ந்ததும் எழுந்து சமையலறை ஆணியில் தொங்கிய மத்தை எடுத்தார். மிக்ஸி வந்த பிறகும் தயிருக்கு மத்துதான் என்று அவள் வைத்திருப்பது. தலைப்பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு, காம்பைத் துரையின் கால்களுக்கு முன்னால், அதன் வயிற்று உயரத்துக்கு, அசைக்காமல் நீட்டினார். கை எட்டாத தூரம். டப்பாவிலிருந்து எடுத்த மிளகாயை இன்னொரு கையில் தள்ளிக் காட்டினார். கண்ணைப் பார்த்தார். கறுப்பு சுருங்கியது. மத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சரி துரை. வேணாம்னா வேணாம்." காத்திருந்தார். மறுபடி நீட்டினார். முழங்கால் கெஞ்சியது, தோள் இற்றுப்போனது, வெளியே வெயில் மஞ்சளாக இறங்கியது. எத்தனையாவது தடவையோ, துரை ஒரு காலைத் தூக்கியது. காம்பைப் பிடித்துப் பார்த்தது. இன்னொரு காலையும் வைத்தது. ஒரு பறவையின் கனம் மத்து வழியாக இவர் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது. கோவில் தீபத்தைக் கொண்டுபோகிற மாதிரி கூடத்தைக் கடந்தார். கூண்டுக்குள் அதுவாக இறங்கியது. கதவைச் சாத்தியதும் மிளகாயைக் கொடுத்தார். விசிறியைப் போட்டுவிட்டு அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றார்.

அழைப்பு மணி அடித்தபோது துரையைத்தான் முதலில் பார்த்தார். அது வாயில் மிளகாயோடு இருந்தது. நிஜ மணி. விரலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். வளையலும் சந்தன வாசமுமாக சௌந்தரவல்லி, பின்னால் கலந்த சாதப் பொட்டலங்களோடு மாறன். மாறன் கண்தான் முதலில் துண்டில் விழுந்தது.

"கைல என்னப்பா?"

"ஒண்ணுமில்லடா. குடமிளகாய் நறுக்கினேன். கத்தி பட்டுடுச்சு."

மாறன் கூண்டைப் பார்த்தான். கூண்டு சாத்தியிருந்தது. துரை ஒரு பாவமும் அறியாத பிள்ளையாக மிளகாய் தின்றுகொண்டிருந்தது. மேஜையில் குடமிளகாய்த் துண்டுகள், பக்கத்தில் கத்தி. "நிஜமாவாப்பா? கிளி ஒண்ணும் பண்ணலையே?"

சௌந்தரவல்லி இவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு துண்டை. பிறகு மேஜை மேல் கிடந்த மத்தை. வீட்டுக்குள் வந்து பொட்டலங்களை வாங்கி வைத்தபடியே, "அந்தக் கத்தி அப்படித்தான்டா. எனக்கே ரெண்டு மூணு தடவை பட்டிருக்கு" என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. இவர் அவளைப் பார்த்தார். "ஆமாம். உனக்கும் பட்டுதில்ல" என்றார். அவள் பார்வை ஒரு நொடி தாழ்ந்து, நிமிர்ந்தது. காதோரம் சிவந்துவிட்டது.

"முதல்ல அந்தக் கத்தியைத் தூக்கிப் போடுங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு மாறன் குளிக்கப் போனான்.

குளியலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. அவள் வழக்கம் போல அலமாரிக்குப் போய் மிளகாய் டப்பாவை எடுத்தாள். இவர் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது.

"சுத்த வேணாம். அதான் கெடுக்குது அதை. கடிச்சா மிளகாய்னு கத்துக்கிச்சு. மத்துல ஏறினா மட்டும் கொடு. கையை நீட்டாதே, நீயும்தான். அது வேணாம்னு கண்ணாலயே சொல்லுது, நாம கேக்கறதில்ல."

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். கூண்டைப் பார்த்து, "துரை, உங்கப்பா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். இவர் பக்கம் திரும்பினாள். "எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"மத்தியானம்தான்."

"நாளைக்கு அவன் கிளம்பினதும் டாக்டரைப் பாக்கணும். சர்க்கரை உடம்பு."

"கத்தி வெட்டுக்கா?"

"கத்தி வெட்டுக்குத்தான். ஆனா அவர்கிட்ட உள்ளதைச் சொல்லிடணும்" என்றவள், நாற்காலியை இழுத்துப் போட்டு இவரை உட்கார வைத்தாள். துண்டைப் பிரித்தாள். டெட்டாலையும் பஞ்சையும் எடுத்து வந்தாள். அவள் நடுவிரலில் பழைய தழும்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, இவ்வளவு கிட்டத்தில் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி. பஞ்சு பட்டதும் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஸ்ஸ்... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அந்தக் குரல் கேட்டது. மெத்தென்ற அதே குரல்.

துரைக்கு நேரம் காலமே கிடையாது என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் திறந்து கூண்டைப் பார்த்தார். துரை ஒற்றைக் காலில் நின்று, இன்னொரு காலில் மிளகாயைப் பிடித்துக்கொண்டு, வாய் நிறைய விதையோடு இருந்தது.